‘பாய்காட்’ என்ற சொல் எப்படி வந்தது?

ஒருவரோடு பேசாமல், கொடுக்கல் வாங்கல் வைக்காமல், அவருக்கு வேலையும் செய்யாமல் ஒதுக்குவதுதான் பாய்காட். இது அயர்லாந்துக்காரர்கள் உலகுக்குக் கொடுத்த சொல்.

அங்கே நிலமெல்லாம் பெரிய பிரபுக்கள் கையில் இருந்தது. உழுதவர்கள் வெறும் குத்தகைதாரர்கள். 1880-ல் விளைச்சல் சரியில்லை, மேயோ மாவட்டத்துக் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான எர்ன் பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. குத்தகை பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற அவருடைய ஏஜென்ட் நோட்டீஸ் அனுப்பினார். அந்த ஏஜென்டின் பெயர் சார்லஸ் பாய்காட்.

ஊரார் அவரை அடிக்கக் கை ஓங்கவில்லை; ஒதுக்கி வைத்தார்கள். வேலையாட்கள் நின்றார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, தபால்கூட ஒழுங்காக வரவில்லை. நம் ஊர்க்கட்டுப்பாடு மாதிரிதான்; ஆனால் அது பெரும்பாலும் எளியவர்மேல் பாயும், மேயோவிலோ எளியவர்கள் அதை அதிகாரத்தின்மேல் போட்டார்கள். வயலில் கிடந்த டர்னிப் கிழங்கைப் பிடுங்க வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள், காவலுக்கு ஏறக்குறைய ஆயிரம் போலீசும் சிப்பாய்களும்! சுமார் 500 பவுண்ட் விளைச்சலுக்கு 10,000 பவுண்ட் செலவானதாகச் சொல்வார்கள். டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே கிளம்பினார். அவர் பெயரோ இப்படி ஒதுக்குவதற்கான சொல்லாக நின்றுவிட்டது.

அப்புறம் ஒன்று: பாய்காட் இந்தப் போராட்டத்தை நடத்திய தலைவர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒதுக்கப்பட்டவரே அவர்தான்.