கூண்டுக்குள் என்ன விரிப்பது? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் தெரு தச்சுப் பட்டறையில் மரத்தூள் இலவசமாகவே தருகிறார்கள். அதைத்தான் இரண்டு கினி பிக்குக்கும் போட்டு வருகிறோம். பத்து நாளாக அவற்றில் ஒன்று ஓயாமல் தும்முகிறது. தூள்தான் காரணமா?
– வாசகி, தாம்பரம்

பெரும்பாலும் அதுதான். இன்றே மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு, வேறு ஏற்பாடு ஆகும்வரை பழைய டவலை விரித்து விடுங்கள்.

ரம்பத்தில் அறுக்கும்போது விழும் தூள் வேறு, இழைப்புளியில் சீவிய சுருள் வேறு. கினிப்பன்றியின் மூக்கு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கிறது. அது ஓடும்போது கிளம்பும் தூசி முழுக்க அதன் மூக்குக்கே போகும். பட்டறைத் தூளில் இன்னொரு வம்பும் உண்டு: அன்றைக்கு அறுத்தது தேக்கா, பிளைவுட்டா, பாலிஷ் போட்ட பழைய கதவா என்று யாருக்கும் தெரியாது. பசையும் வார்னிஷும் அதில் கலந்தே வரும்.

மரச்சுருள்தான் வேண்டும் என்றால் ஆஸ்பென் மரச்சுருள் நல்லது. பைன் என்றால் சூளையில் உலர்த்தியது என்று பையில் எழுதியிருக்க வேண்டும். சிடார் வேண்டவே வேண்டாம். அது மணப்பதற்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்கள்தான் மூச்சுக்குழாயை அரிப்பவை, கல்லீரலின் வேலையைக் குழப்புபவை. பையைப் பிரித்ததும் டர்பன்டைன் வாடை கும்மென்று வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூசியைப் பார்க்க ஒரு வழி: காலையில் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும் இடத்தில் ஒரு கைப்பிடி சுருளை இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். வெயில் கோட்டில் புகைபோல எழும்பினால் அது ஆகாது. கொஞ்சமாக இருந்தால் மொட்டைமாடியில் சலித்துவிட்டுப் போடலாம். ஆழம் 5 முதல் 7 செ.மீ. வேண்டும். 4 அடிக்கு 2 அடி கூண்டில் 5 செ.மீ. நிரப்ப ஏறக்குறைய 37 லிட்டர் சுருள் பிடிக்கும். பை வாங்கும்போது கிலோவைப் பார்க்காமல் லிட்டர் கணக்கைப் பாருங்கள்.

மாற்றிய பிறகும் தும்மல் தொடர்ந்தால், அல்லது மூக்கில் சளி, கண்ணில் பொருக்கு, மூச்சில் கிளிக் சத்தம் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். புல் தின்பதை நிறுத்திவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஃபிளீஸ் துணி (போர்வை தைக்கும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி) போட்டால் ஈரம் கீழே இறங்கிவிடும் என்றார்கள். எங்கள் கூண்டில் சிறுநீர் முத்து முத்தாக மேலேயே நிற்கிறது. இரண்டே நாளில் நாற்றம். ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், மதுரை

துணியில் குறையில்லை. அதைப் பழக்காமல் விரித்துவிட்டீர்கள். புது ஃபிளீஸில் ஆலையிலேயே ஏற்றிய மெருகு இருக்கும். அது தண்ணீரை ஒட்டவிடாது. வெந்நீரில், மணமில்லாத சோப்புத்தூள் கொஞ்சம் போட்டு, மூன்று நான்கு முறை துவைத்து அலசினால்தான் அது போகும். துணியை மெத்தென்று ஆக்கும் கண்டிஷனரை ஒருமுறைகூட ஊற்றக் கூடாது. அது மறுபடி மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடும், நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். உலர்ந்த பின் ஒரு டவல் மேல் துணியை விரித்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் கீழே இறங்கி, மேலே தொட்டால் கை லேசாகத்தான் நனைய வேண்டும். உருண்டு நின்றால் இன்னொரு துவையல்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். ஃபிளீஸ் ஈரத்தைக் குடிக்காது, கீழே கடத்தும், அவ்வளவுதான். குடிப்பதற்கு அடியில் ஒன்று வேண்டும். 4 அடிக்கு 2 அடி கூண்டுக்கு 60 அங்குலம் நீள, 30 அங்குலம் அகல டர்க்கி டவல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓரத்தை மடியுங்கள். அதற்கும் அடியில் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட். மேலே வரும் ஃபிளீஸை 5 அடிக்கு 3 அடியாக வெட்டினால் நாலு பக்கமும் அரை அடி உள்ளே செருகலாம். செருகாமல் விட்டால் கினிப்பன்றிகள் அடியில் புகுந்து டவலைக் கடிக்க ஆரம்பிக்கும். ஃபிளீஸ் வெட்டிய இடத்தில் பிரியாது என்பதால் ஓரம் அடிக்கத் தேவையில்லை. தொங்கும் தையல் நூல் நகத்தில் சிக்கும், அதுதான் ஆபத்து. நாய்க்குட்டிக்கு விற்கும் உறிஞ்சு பேடைப் போடுபவர்கள், வாய் எட்டாத அடுக்கில் மட்டும் போடுங்கள். உள்ளே இருக்கும் ஜெல் வயிற்றுக்குப் போகக் கூடாது.

நாற்றத்தில் பாதியைக் குறைக்க இன்னொரு வேலை இருக்கிறது. இவை தின்றுகொண்டே ஒன்றுக்குப் போகிறவை. புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகம் நனையும். ஆகவே 2 அடிக்கு 1 அடி அளவில், விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் ட்ரே ஒன்றை மூலையில் வைத்து, காகித பெல்லட்டோ (காகிதத்தை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) மரச்சுருளோ 3 செ.மீ. பரப்பி, அதன்மேல் புல்லைப் போடுங்கள். ட்ரேயை நாள்தோறும் கொட்டி மாற்றினால், ஃபிளீஸ் மூன்று நான்கு நாள் தாங்கும். புழுக்கைகளைக் காலையும் மாலையும் கூட்டி எடுக்க வேண்டும், அதில் சலுகை இல்லை.

துவைக்கும் முன் மாடியில் உதறி, ஒட்டிய புல்லைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதானால் பழைய தலையணை உறைக்குள் திணித்து முடிச்சிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் புல்லால் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபிளீஸ் காய்ந்துவிடும். டர்க்கி டவல்தான் காயாது. அந்த இரண்டு மாதத்துக்கு மூன்று செட் கையிருப்பில் இருக்கட்டும்.

உமி, தேங்காய் நார்த்தூள், வைக்கோல், செய்தித்தாள் – இதில் எது பரவாயில்லை?
– வாசகர், நாகர்கோவில்

நாலில் செய்தித்தாளுக்கு மட்டும் இடமுண்டு, அதுவும் அடியில்: ஆறேழு தாள் மடித்துப் போட்டு மேலே மரச்சுருள். தனியாகப் போட்டால் நனைந்து தரையோடு ஒட்டி, கால் ஈரத்திலேயே நிற்கும். உமி கோழிப்பண்ணையில் ஓடுகிறது என்பதற்காக இங்கே ஓடாது. முனை கூர், தூசி அதிகம், ஈரத்தை அதிகம் வாங்காது. நார்த்தூள் காய்ந்தால் பறக்கும், நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். வைக்கோலின் தண்டு விறைப்பானது. கினிப்பன்றியின் கண் பிதுங்கியிருப்பதால் குத்திவிடும். கடைகளில் விற்கும் மக்காச்சோளக் கட்டைத் துண்டுகளையும், கட்டியாகும் பூனை மணலையும் நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் வேண்டாம் என்று சொல்லி வைக்கிறோம். முன்னதைத் தின்றால் குடலில் அடைக்கும், பின்னது வயிற்றுக்குள் ஈரம் பட்டு உப்பும்.

ஃபிளீஸ் மாற்றியதிலிருந்து துணியில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் படிவு தெரிகிறது. பின்னங்கால் அடியும் சிவந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கோவை

இல்லை, தனித்தனி. இவற்றின் சிறுநீரிலேயே கால்சியம் உப்பு அதிகம். காய்ந்ததும் மாவுபோல் வெள்ளையாகப் படியும். விரலில் தேய்த்தால் மாவாக இருந்தால் கவலையில்லை. மணல்போல் நெருடினால், ரத்தம் தெரிந்தால், ஒன்றுக்குப் போகும்போது கீச்சிட்டால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். மரச்சுருளில் இது கண்ணுக்கே பட்டிருக்காது. ட்ரேயில் இறுகிய படிவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது.

கால்தான் அவசரம். ஈரத் தரை, கம்பித் தரை, அதிக எடை, வளைந்து வளர்ந்த நகம், வைட்டமின் சி குறைவு, இவற்றில் எதுவானாலும் பாதத் தோல் முதலில் வழவழவென்று சிவக்கும், பிறகு பொருக்கு கட்டும், கடைசியில் எலும்புவரை புண். இப்போது சிவப்பு மட்டும் என்றால் ஃபிளீஸை நாள்தோறும் மாற்றி, டவலை மூன்று அடுக்காக்கி, நகத்தை வெட்டுங்கள். கினிப்பன்றியின் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மி.கி. வேண்டும். குடமிளகாய்த் துண்டு தினமும் கொடுங்கள். பொருக்கு தெரிந்தால் மருத்துவர்தான். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

கூண்டைக் கழுவ பினாயில் போடலாமா? மூலையில் அந்துருண்டை வைத்தால் வாடை அடங்குமா?
– வாசகர், சென்னை

இரண்டும் கூடாது. நீங்கள் சொல்லும் வாடை அம்மோனியா. சிறுநீர் பட்ட விரிப்பில் பாக்டீரியா வேலை செய்வதால் வருவது. மணத்தைப் போட்டு மூடினால் அம்மோனியாவும் இருக்கும், பினாயில் புகையும் சேரும். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். காலையில் ஒருமுறை குனிந்து, மூக்கைத் தரைக்கு நாலு விரல் உயரத்தில் வைத்து மூலையை முகர்ந்து பாருங்கள். மூக்கு எரிந்தால் விரிப்பை அப்போதே மாற்றிவிடுங்கள், வாரக் கெடு பார்க்க வேண்டாம்.