பண்ணைவீட்டுப் பந்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெக்சஸ் மாநிலத்து மாட்டுப்பண்ணைகளின் சாப்பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் மாடுகளை ஓட்டிச் சென்ற கௌபாய்கள் நாள்தோறும் மாட்டிறைச்சிதான் சாப்பிட்டார்களா? நடுக்காட்டில் யார் சமைத்துக் கொடுத்தார்கள்?
– மதுரை வாசகர்

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வழிப்பயணத்தில் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு காய்ந்த பீன்ஸ் விதை, உப்பிட்ட பன்றி இறைச்சி, மைதா ரொட்டி, காப்பி, உலர்ந்த ஆப்பிள் ஆகியவைதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சஸில் மாடுகள் மிகுதியாக இருந்தன. அவற்றுக்கு நல்ல விலை கொடுப்பவர்களோ வடக்கேயும் கிழக்கேயும் இருந்தார்கள். ஆகவே இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள் கொண்ட மந்தையைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் வீதம், வடக்கே கன்சாஸ் மாநிலத்தில் இரயில் நிலையம் இருந்த ஊர்வரை நடத்திச் சென்றார்கள். அந்த மாடுகள் முதலாளியின் சொத்து. அப்படியே ஒன்றை அறுத்தாலும், கோடை வெயிலில் அது கெடுவதற்குள் பன்னிரண்டு பேரால் முழு மாட்டையும் தின்று தீர்க்க முடியாது. எது கெடாதோ அதுவே உணவாயிற்று.

1866-இல் சார்லஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர், படையில் கழித்துக்கட்டிய ஒரு வண்டியை வாங்கி, அதன் பின்புறத்தில் பல இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கி ஒரு காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேசை. மாவு, உப்பு, காப்பி, சமையல் சோடா, மருந்துப் புட்டி, தையல் ஊசி என ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை இருந்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய்; அடியில் தொட்டில் போலக் கட்டிய மாட்டுத்தோலில் விறகும் காய்ந்த சாணமும். சாப்பாட்டை அவர்கள் பேச்சில் ‘சக்’ என்பார்கள். அதனால் இது சக் வேகன் எனப்பட்டது. சமையற்காரருக்குச் சாதாரணக் கௌபாயைவிடக் கூலி கூடுதல். அவர் எல்லாருக்கும் முன்னால், விடியலுக்கு வெகுநேரம் முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். படுக்கப் போகும்போது வண்டியின் ஏர்க்காலை வடதுருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார். மறுநாள் காலையில் மந்தைக்குத் திசை காட்டுவது அதுதான். சமையலறையே திசைகாட்டியாகவும் இருந்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

எப்போதாவது கன்று அறுத்த நாளில் முதலில் சட்டிக்குப் போனவை ஈரல், இதயம், நாக்கு, குடல் ஆகியவைதான், ஏனெனில் அவையே முதலில் கெடும். பால்குடி மறவாத கன்றின் குடலில் பாதி செரித்த பால் தங்கியிருக்கும். குழம்புக்குத் தனி ருசி கொடுப்பது அதுதான் என்பார்கள். ‘சன் ஆஃப் அ கன்’ என்ற பெயரில் வழங்கும் அந்தக் குழம்பு, நம் ஊர்க் குடல் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பண்ணைவீட்டில் காலையில் பிஸ்கட்டுக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். பிஸ்கட்டுக்குக் குழம்பா?
– தஞ்சாவூர் வாசகி

நாம் தேநீரில் நனைத்துத் தின்னும் பிஸ்கட் வேறு. அங்கே பிஸ்கட் என்பது உள்ளங்கை அளவில், மேலே லேசாக முறுகி உள்ளே பஞ்சுபோல் இருக்கும் உப்பு ரொட்டி. மைதாவில் கொழுப்பையோ வெண்ணெயையோ விரல் நுனியால் உதிர்த்து, மோர் விட்டு, அதிகம் பிசையாமல் திரட்டிச் சுடுவார்கள். பிசையப் பிசைய ரொட்டி இறுகிவிடும். கை சொல்வதைக் கேட்டு நிறுத்தத் தெரிய வேண்டும். சக் வேகனில் ஈஸ்ட் கிடையாது. ஒரு சிறு பீப்பாயில் புளித்த மாவு எப்போதும் இருக்கும். அன்றன்று எடுத்த அளவுக்குப் புதிய மாவும் தண்ணீரும் சேர்த்து வைப்பார்கள். அந்தப் புளிப்பும் சமையல் சோடாவும் சேரும்போது எழும் வாயுதான் ரொட்டியை உப்பச் செய்கிறது. குளிர் இரவுகளில் அந்தப் பீப்பாயைச் சமையற்காரர் தம் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு தூங்குவதுண்டு. இட்லி மாவு பொங்காத மார்கழிக் காலையை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சுடுவதற்கு மூன்று கால் கொண்ட வார்ப்பிரும்புச் சட்டி. அதன் மூடிக்கு விளிம்பு உண்டு, மூடியின் மேலும் தணல் பரப்புவதற்காக. முதன்முதலில் நான் சுட்டபோது அடியில் நிறையத் தணலும் மூடியில் கொஞ்சமும் வைத்துவிட்டேன். அடிப்பாகம் கரிந்து கறுத்தது. மேல்பாகம் மாவாகவே நின்றது. கீழே ஒரு பங்கு, மேலே இரு பங்கு என்று அடுத்த தெருவில் இருந்த பாட்டி சொல்லிக்கொடுத்த பிறகுதான் சரியாக வந்தது. அடிச்சூடு நேரடியாக இரும்பில் ஏறி ரொட்டியைத் தொடுகிறது. மேல்சூடோ காற்றைக் கடந்து வரவேண்டியிருப்பதால் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

‘சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்’ என்பது கோழிக்கறிதானே?
– சேலம் வாசகர்

அதில் கோழியே இல்லை. மாட்டின் தொடைப்பகுதி போன்ற கடினமான இறைச்சியைத் தட்டித் தட்டி மெல்லியதாக்கி, முட்டையும் பாலும் கலந்ததில் தோய்த்து, மைதாவில் புரட்டி, கோழியைப் பொரிப்பது போலவே பொரிப்பதால் அந்தப் பெயர் வந்தது. டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் தங்கள் ஊரின் ஷ்னிட்ஸல் (தட்டி மெல்லியதாக்கி மாவில் புரட்டிப் பொரித்த இறைச்சி) பக்குவத்தைக் கிடைத்த இறைச்சிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள் என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்படுகிறது. பொரித்த பின் சட்டியில் தங்கும் கொழுப்பில் இரண்டு கரண்டி மைதாவை வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கிண்டி, கரகரப்பாகப் பொடித்த மிளகைத் தாராளமாகத் தூவினால் வெள்ளைக் கிரேவி தயார். பிஸ்கட்டின் மேல் ஊற்றுவதும் இதைத்தான். மிளகில் கஞ்சத்தனம் காட்டினால் அது வெறும் பால்கூழாகிவிடும்.

டெக்சஸின் சில்லியும் நம் ஊர் மிளகாயும் ஒன்றா?
– தூத்துக்குடி வாசகி

உறவு நெருக்கமானது. மிளகாய்ச் செடிக்குத் தாயகமே அமெரிக்கக் கண்டங்கள்தான். போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவுக்கு வந்தது. டெக்சஸில் ‘சில்லி’ என்று ஒரு குழம்பையே அழைக்கிறார்கள். இறைச்சித் துண்டுகள், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு ஆகியவை சேர்ந்து மணிக்கணக்கில் வேகும் குழம்பு அது. சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் மாலை வேளைகளில் அண்டாக்களில் அதைக் கொண்டுவந்து விற்ற மெக்சிகப் பெண்களைச் ‘சில்லி ராணிகள்’ என்றே அழைத்தார்கள். 1977-இல் மாநிலச் சட்டமன்றம் சில்லியை டெக்சஸின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. அறிவிப்பு யார் பெயரில் வந்தாலும், அந்தப் பெருமையில் பெரும்பங்கு அந்தப் பெண்களுக்கு உரியது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொலராடோவில் டென்வரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். பண்ணை முறையில் பின்டோ பீன்ஸ் சமைத்தேன். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. சைவமாகவே செய்ய வழி உண்டா?
– மகள் வீட்டிலிருந்து எழுதும் கும்பகோணம் வாசகி

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, அம்மா. டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கர் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பீன்ஸை இரவே சிறிது உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதையும் பீன்ஸ் முழுதாக வெந்த பிறகே சேருங்கள். முன்பே சேர்த்தால் தோல் இறுகி வேகாது. பீன்ஸ் பழையதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ராஜ்மா வகையைச் சமைக்கும்போது குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க விடுங்கள், ஏனெனில் அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும்.

பன்றி இறைச்சி பீன்ஸுக்குக் கொடுப்பது உப்பும் கொழுப்பும் புகைமணமும். அதற்குப் பதிலாக வெங்காயத்தை நெய்யில் பொன்னிறமாக வதக்கி, சுட்ட மிளகாயும் பூண்டும் சீரகமும் சேர்த்துக் கடைசி அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். ஒரு பிடி பீன்ஸை மட்டும் மத்தால் மசித்துச் சேர்த்தால் சாறு தானே கெட்டியாகும். சோளமாவு ரொட்டி இதற்கு நல்ல துணை.

கௌபாய் காப்பிக்கு வடிகட்டியே கிடையாதாமே?
– சென்னை வாசகர்

ஆம். கொதிக்கும் தண்ணீரில் காப்பித்தூளை நேரே போட்டுக் காய்ச்சி, இறக்கிய பின் சிறிது குளிர்ந்த நீர் தெளித்தால் தூள் அடியில் படிந்துவிடும். முன்பெல்லாம் பச்சைக் கொட்டையை வாங்கி அடுப்பில் தாங்களே வறுக்க வேண்டியிருந்தது. ஆர்பக்கிள் சகோதரர்கள் என்ற காப்பி வணிகர்கள் வறுத்த கொட்டையைப் பொட்டலத்தில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு மேற்குப் பகுதி முழுவதும் அந்தக் காப்பிதான். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும். “யாருக்கு மிட்டாய் வேண்டும்?” என்று சமையற்காரர் கேட்டால், அந்த முரட்டு மனிதர்கள் காப்பிக் கொட்டை அரைத்துக் கொடுக்கப் போட்டி போடுவார்கள். சாப்பிடும்போது ஒருவர் தம் குவளையை நிரப்ப எழுந்தால், “பானையருகே ஆள்!” என்று மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள், அந்தக் குரலைக் கேட்டவர் பானையைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து அத்தனை பேர் குவளையையும் நிரப்பிய பிறகுதான் தம் இடத்தில் உட்கார வேண்டும்.