‘டிரெட்’: ஓடாத படம், ஓயாத ரசிகர்கள்

வாசகர் கேள்வி – பதில்

2012ஆம் ஆண்டு வெளியான ‘டிரெட்’ என்னும் காமிக்ஸ் திரைப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம்: “நல்ல படம், ஆனால் ஓடவில்லை.” அதற்குப் பாராட்டாகவும் கண்டனமாகவும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

படத்தின் செலவு நாலரைக் கோடி டாலர், உலகம் முழுவதும் வந்த வசூல் நாலு கோடிக்கு மேல் என்று படித்தேன். ஏறக்குறைய போட்ட பணம் திரும்பிவிட்டதே, இதை எப்படித் தோல்விப் படம் என்கிறீர்கள்?
– வாசகர், திருச்சி

வசூல் என்று அச்சாகும் தொகை திரையரங்கின் கல்லாவில் விழுந்த தொகை. அதில் ஏறத்தாழப் பாதி திரையரங்குகளுக்கே போய்விடும். விளம்பரத்துக்கும் பிரதிகளுக்கும் ஆன செலவு அந்த நாலரைக் கோடியில் அடங்காது. ஆகவே செலவும் வசூலும் சமமாக இருந்தால், போட்டவர் கையில் பாதிக்கும் குறைவாகவே திரும்பியிருக்கிறது என்று பொருள்.

அமெரிக்காவில் படம் 2012 செப்டம்பர் 21 அன்று சுமார் 2,500 திரையரங்குகளில் வெளியாகி, முதல் மூன்று நாள்களில் 63 லட்சம் டாலர் ஈட்டி ஆறாவது இடத்தில் நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திரையரங்குக்கு மூன்று நாளில் 2,500 டாலர். 3டி கட்டணத்தையும் சேர்த்து ஒரு டிக்கெட்டைப் பத்து டாலர் என்று வைத்தால் 250 பேர். நாளொன்றுக்கு நான்கைந்து காட்சி என்றால், ஒரு காட்சிக்கு இருபது பேர் தேறுவதே அரிது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இந்த நிலை என்றால், அடுத்த வாரம் அந்தத் திரையை வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? அமெரிக்காவில் மொத்த வசூல் ஒன்றரைக் கோடி டாலரைக்கூட எட்டவில்லை. அடுத்த பாகம் எடுக்க வேண்டுமென்றால் வட அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வர வேண்டும் என்று கதாசிரியரும் தயாரிப்பாளர்களுள் ஒருவருமான அலெக்ஸ் கார்லண்ட் வெளியீட்டுக்கு முன்பே கூறியிருந்தார்.

இந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்களில் நம் நாட்டின் ரிலையன்ஸ் என்டர்டெயின்மென்ட் நிறுவனமும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

படம் படுத்ததற்கு அதன் ரசிகர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்? அவை நியாயமானவையா?
– வாசகி, மதுரை

முதலாவதாக அவர்கள் கை நீட்டுவது 1995இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து வெளிவந்த முந்தைய படத்தை நோக்கி. நீதிபதி டிரெட் 1977 மார்ச்சில், ‘2000 ஏ.டி.’ என்னும் பிரிட்டிஷ் வார இதழின் இரண்டாவது இதழில் பிறந்தவர். ஜான் வாக்னர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் கார்லோஸ் எஸ்கேரா உருவம் கொடுத்தார். குற்றவாளியைப் பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்புச் சொல்வது, தேவையானால் அந்த இடத்திலேயே மரண தண்டனையை நிறைவேற்றுவது ஆகிய எல்லா வேலையையும் ஒருவரே செய்யும் எதிர்கால நகரத்தில், அவர் சட்டத்தின் உருவம். ஆகையால் அவருடைய முகத்தை வாசகர் பார்ப்பதே இல்லை. ஹெல்மெட்டுக்குக் கீழே கடுகடுத்த வாயும் மோவாயும் மட்டுமே தெரியும். ஸ்டாலோன் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் முகத்தை மறைத்துவைத்தால் வியாபாரம் என்னாவது என்று அந்தப் படத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2012 படத்தின் நாயகன் கார்ல் அர்பன், படம் முடியும் வரை அதைக் கழற்றாமல் வாயின் இரு ஓரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நடித்தபோது, பழைய வாசகர்கள் அதை ஏறத்தாழ நிறைவேறிய நேர்த்திக்கடனாகவே கொண்டாடினார்கள். ஆனால் டிக்கெட் வாங்கும் பொதுமக்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது, “டிரெட்டா, அந்தப் பழைய படமா?” என்று கேட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போயிருப்பார்கள். ரசிகர்கள் சொல்லும் காரணங்களுள் வலுவானது இதுவே என்பது என் எண்ணம். காமிக்ஸ் பிறந்த மண்ணான பிரிட்டனில் படம் முதல் வாரம் முதலிடத்தைப் பிடித்தது என்பதும் இதற்குச் சான்று. எனினும் அந்த முதலிடத்துக்குப் போதுமாக இருந்த தொகை பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் 3டி. பிரிட்டனில் சாதாரண முறையில் இதைப் பார்க்க விரும்பியவர்களுக்குக் காட்சி கிடைப்பதே அரிதாக இருந்தது என்றும், கூடுதல் கட்டணமும் கண்ணாடியும் வேண்டாமென்று பலர் திரும்பிவிட்டார்கள் என்றும் ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். நியாயமான குறை. ஆனால் இதே ரசிகர்கள் மாய்ந்து மாய்ந்து புகழும் காட்சிகள் அந்த 3டிக்காகவே படைக்கப்பட்டவை. கதையில் ‘ஸ்லோ-மோ’ என்றொரு போதைப்பொருள் வருகிறது. அதை உள்ளிழுத்தவருக்குக் காலம் நூறில் ஒரு பங்கு வேகத்தில் நகர்வதாகத் தோன்றும். வில்லியான மா-மா குளியல் தொட்டியில் கிடந்தபடி தண்ணீரிலிருந்து கையை மெல்ல எடுக்கிறாள். ஒவ்வொரு துளியும் மணியாகத் திரண்டு, ஒளியை வாங்கிக்கொண்டு, நமக்கும் அவளுக்கும் இடையில் நின்று நிதானித்துப் போகிறது. இவ்வளவு கொடுமைக்காரிக்கு இவ்வளவு அழகான காட்சியா என்று பார்ப்பவர் திகைக்கும்படி ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மான்டில் அதை எடுத்திருக்கிறார்.

மூன்றாவது காரணம், அதே ஆண்டு அமெரிக்காவில் திரையிடப்பட்ட இந்தோனேசியப் படமான ‘தி ரெய்டு’. ஒரே கட்டடம், உச்சி மாடியில் வில்லன், மாடி மாடியாக ஏறும் போலீஸ் என்று இரண்டின் எலும்புக்கூடும் ஒன்று. “காப்பியடித்துவிட்டார்கள்” என்ற பேச்சு பரவியது. டிரெட் படப்பிடிப்பு 2010 நவம்பரிலேயே தென்னாப்பிரிக்காவில் தொடங்கிவிட்டதால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனாலும் அதனால் எத்தனை டிக்கெட் குறைந்திருக்கும்? அதிகம் இராது.

ரசிகர்கள் அவ்வளவாகப் பேச விரும்பாத காரணம் ஒன்று உண்டு. படம் பெரியவர்களுக்கு மட்டுமானது. பிரிட்டனில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே இல்லை. காமிக்ஸ் படங்களின் முதல் வாரக் கூட்டத்தில் பெரும்பகுதி பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, இரத்தம் தெறிக்கும் வன்முறையைக் கொஞ்சமும் குறைக்கவில்லை என்பதற்காகப் படத்தைப் புகழ்ந்தால், அந்தப் புகழுக்கான விலையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படத்தை உண்மையில் இயக்கியவர் யார்?
– வாசகர், ஈரோடு

திரையில் உள்ள பெயர் பீட் டிராவிஸ். உண்மையில் இயக்கியவர் கார்லண்ட்தான் என்று கார்ல் அர்பன் 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு ரசிகர்கள் இதைக் கார்லண்டின் முதல் படமாகவே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அவர் பின்னர் இயக்கிய ‘எக்ஸ் மெஷினா’வைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கித் தேடி வந்தவர்களும் பலர்.

இரண்டாம் பாகம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்களே, அது ஏன் பலிக்கவில்லை?
– வாசகர், சேலம்

அந்த விண்ணப்பத்தை 2013இல் ‘2000 ஏ.டி.’ இதழே முன்னின்று ஆதரித்தது. அவ்வாண்டு செப்டம்பருக்குள் சுமார் 80,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். பெரிய கூட்டம்தான். ஆனால் அத்தனை பேரும் ஆளுக்கொரு பத்து டாலர் டிக்கெட் வாங்கினால் வருவது 8 லட்சம் டாலர். ஒவ்வொருவரும் ஐந்து முறை பார்த்தாலும் 40 லட்சம். கார்லண்ட் கேட்டதோ 5 கோடி. காமிக்ஸ் படமொன்றின் வசூலைத் தீர்மானிப்பவர்கள் அந்தக் காமிக்ஸைத் தொட்டே பார்க்காத இலட்சக்கணக்கானவர்கள். ரசிகர்கள் எவ்வளவு உரக்கக் குரல் கொடுத்தாலும் அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. இதை ஏற்றுக்கொள்வது ரசிகர்களுக்குக் கசப்பாக இருக்கிறது. அதனால்தான் விளம்பரத்தின் மீதும் வெளியீட்டுத் தேதியின் மீதும் பழி விழுகிறது.

அவர்கள் கையெழுத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 செப்டம்பர் 18ஐப் பிரசார நாளாக அறிவித்து, அன்றைக்கே எல்லோரும் டிவிடியோ ப்ளூ-ரேயோ ஒரு பிரதி வாங்குவது என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் நண்பர்களுக்குப் பரிசளிக்க வாங்கினார்கள். அதற்கு முன்பே, 2013 ஜனவரியில் வட்டு வெளியான முதல் வாரத்தில், வட அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று அந்த வாரப் பட்டியலில் படம் முதலிடம் பெற்றிருந்தது. திரையரங்கில் ஆறாவது, வீட்டில் முதலாவது! பிறகும் ஏன் அசையவில்லை என்றால், வெவ்வேறு நாடுகளின் உரிமை வெவ்வேறு விநியோகஸ்தர்களிடம் இருந்த படம் இது. வட்டு விற்ற காசு ஒரே பெட்டியில் சேர்ந்து “அடுத்ததை எடுங்கள்” என்று சொல்லும் தொகையாக மாறவில்லை. ரசிகர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, படத்தின் கதையைத் தொடரும் சில காமிக்ஸ் கதைகள் மட்டும். 2017இல் டிரெட் காமிக்ஸின் உரிமையாளரான ரெபெல்லியன் நிறுவனம் ‘மெகா-சிட்டி ஒன்’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடரை அறிவித்தபோது மீண்டும் உற்சாகம் பொங்கியது. அந்தத் தொடரும் அறிவிப்போடு நிற்கிறது.

‘ஜஸ்டிஸ் லீக்’ ரசிகர்கள் போராடி வென்றார்களே? டிரெட் ரசிகர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?
– வாசகர், நாகர்கோவில்

2017இல் வெளியான ‘ஜஸ்டிஸ் லீக்’ என்னும் சூப்பர்ஹீரோ படம் எதிர்பார்த்த வசூலை எட்டாதபோது, பாதியில் விலகிய இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் வடிவத்தைத் தாருங்கள் என்று கேட்டு ரசிகர்கள் சமூக ஊடகங்களை நிறைத்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு இலட்சக்கணக்கான டாலர் நன்கொடையும் திரட்டினார்கள். அந்தக் குரல்களில் ஒரு பகுதி போலிக் கணக்குகளிலிருந்து எழுந்தது என்று பின்னாளில், 2022இல், ரோலிங் ஸ்டோன் இதழ் எழுதியதும் உண்மை. எப்படியோ, 2021 மார்ச்சில் நான்கு மணி நேர வடிவம் வெளிவந்தது.

வேறுபாடு ரசிகர்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அங்கே படம்பிடித்த காட்சிகள் ஏற்கெனவே பெட்டியில் கிடந்தன. அவை ஒரே ஸ்டூடியோவின் உடைமை. அந்த ஸ்டூடியோவோ 2020இல் எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற புதிய இணையச் சேவையைத் தொடங்கிச் சந்தாதாரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. கூடுதலாகச் சுமார் 7 கோடி டாலர் செலவழிக்க அதற்குத் தனிக் காரணம் இருந்தது. டிரெட் ரசிகர்கள் கேட்டதோ இன்னும் எழுதவே படாத ஒரு படம்.

காமிக்ஸ் விழாக்களில் கைத்தட்டல் வானைப் பிளக்கிறது. வெளியானால் அரங்கு காலி. தயாரிப்பாளர்கள் ஏன் ஏமாறுகிறார்கள்?
– வாசகி, சென்னை

டிரெட் படமும் 2012 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கானில் திரையிடப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. இதைவிடத் தெளிவான பாடம் 2010இல் வந்த ‘ஸ்காட் பில்கிரிம்’. அந்த விழாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தவர்கள் அந்தக் கோடையின் வெற்றிப் படம் அதுவே என்று நினைத்திருப்பார்கள். ஆகஸ்டில் வெளியானபோது அது ஐந்தாவது இடத்தில் தொடங்கி, உலக அளவில் 5 கோடி டாலரைக்கூடத் தொடாமல் நின்றது. விழா அரங்கில் இருப்பவர்கள் படம் வருவதற்கு முன்பே அதை நேசிக்க முடிவு செய்துவிட்டவர்கள். அங்கே கருத்துக் கணிப்பு நடத்துவது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பதற்குச் சமம். ஆனால் ‘ஸ்காட் பில்கிரிம்’ ரசிகர்களுக்குத் தாமதமாகவேனும் பலன் கிடைத்தது: 2023இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட அனிமேஷன் தொடருக்குப் பழைய நடிகர்களே திரும்ப வந்து குரல் கொடுத்தார்கள்.

இரும்புக்கை மாயாவி காலத்திலிருந்து காமிக்ஸ் படிப்பவன். டிரெட் படம் பார்த்தேன், பிடித்தது. காமிக்ஸின் தீவிர ரசிகர்கள் அதில் குறையே காணவில்லையா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?
– வாசகர், சிவகாசி

மாயாவியும் பிரிட்டிஷ் வார இதழ் மரபில் வந்தவர்தான். ஆகவே தாங்கள் பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

குறை கண்டார்கள். காமிக்ஸில் டிரெட் வாழும் மெகா-சிட்டி ஒன் ஒரு பைத்தியக்கார நகரம்: வேலையில்லாத கோடிக்கணக்கானவர்கள், விசித்திரமான மோகங்கள், கொழுப்பேற்றும் போட்டிகள், அபத்தமான சட்டங்கள். அந்தச் சிரிப்பின் ஊடேதான், இவ்வளவு அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்கலாமா என்ற கேள்வி வாசகரைக் குத்தும். படத்திலோ நகரம் ஜோகன்னஸ்பர்க்கின் வெயிலில் காய்ந்து கிடக்கிறது, 200 மாடிக் கட்டடமான ‘பீச் ட்ரீஸ்’ஸுக்குள் கதை நுழைந்ததும் கதவு மூடிக்கொள்கிறது, நையாண்டிக்கு இடமே இல்லை. பணம் குறைவாக இருந்தது ஒரு காரணம். எதையும் விளக்காமல் ஒரு நாள் வேலையை மட்டும் காட்டுவது என்ற முடிவு மற்றொரு காரணம். அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். ஆயினும் டிரெட்டை வெறும் வீரராகக் கண்டு கைதட்டிவிட்டு வெளியேற அந்தப் படம் இடங்கொடுக்கிறது என்ற பழைய வாசகர்களின் மனக்குறையை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே தாங்கள் ‘அமெரிக்கா’ என்ற கதையிலிருந்து தொடங்குங்கள். 1990இல் வாக்னர் எழுத, காலின் மெக்நீல் வரைந்தது. நீதிபதிகளின் ஆட்சியை எதிர்த்து மக்களாட்சி கேட்கும் ஒரு பெண்ணின் கதை. அதில் டிரெட் ஏறத்தாழ வில்லன். அதன் பிறகு நீண்ட கதை வேண்டுமென்றால், தொகுப்பு நூல்களில் ஐந்தாவதைத் தேடிப் பிடியுங்கள்; நகரமே போரில் நொறுங்கும் ‘அபோகலிப்ஸ் வார்’ அதில் இருக்கிறது. முதல் தொகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் இன்னும் கை தேறாத காலத்துக் கதைகளே மிகுதி.