கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம்ம எம்.பி. என்னதான் செய்ய முடியும்? கேள்வி பதில்

பதினொரு வருடம் டெல்லியில் ஒரு மக்களவை உறுப்பினரிடம் உதவியாளராக இருந்தேன். அவர் அமைச்சரும் இல்லை, கட்சியின் அவைத் தலைவரும் இல்லை. கேள்விகள் தயாரிப்பது, வந்த பதில்களைக் கோப்பில் சேர்ப்பது, அமைச்சகங்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது, இவைதான் என் வேலை. அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் எம்.பி.யை டிவியில் பார்த்ததே இல்லை. பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருப்பார் என்கிறார்கள். அவர் போனதில் என்ன பிரயோஜனம்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

உங்கள் ஆதங்கம் புரிகிறது அம்மா. அவையில் இடம் கட்சியின் பலத்தைப் பொறுத்தது. முன்வரிசை பெரும்பாலும் அமைச்சர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் போய்விடும். 543 பேரில் மிகப் பெரும்பாலோர் பின்வரிசைக்காரர்கள்தான். பெரிய விவாதங்களில் பேசும் நேரமும் கட்சிவாரியாகப் பிரிக்கப்படுகிறது. சின்னக் கட்சி என்றால் மொத்தமே சில நிமிடங்கள், அதையும் யார் பேசுவது என்று தலைமை முடிவு செய்யும்.

ஆனால் டிவியில் வருவதை வைத்து எடை போடாதீர்கள். உங்கள் எம்.பி. எந்தத் தேதியில் என்ன கேட்டார், அமைச்சர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கிறது. பத்து நிமிடம் ஒதுக்கி அதைப் பாருங்கள். கத்தாமல் வேலை செய்கிறவர் யார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி நேரம், பூஜ்ய நேரம், விதி 377 என்று செய்தியில் வருகிறது. மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? எது உருப்படியானது? (பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம்)

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் துணைக் கேள்வியும் போடலாம். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை வரும், அவற்றுக்கு எழுத்துமூலப் பதில். எந்தக் கேள்வி பட்டியலில் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5, அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றே ஒன்று. 20 கேள்வி பட்டியலில் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வந்தாலே பெரிது. மற்றவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்துவிடும்.

பூஜ்ய நேரம் என்பது கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம். விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கம், 1960களில் வளர்ந்தது. நேற்று நடந்ததை இன்று எழுப்பலாம் என்பது அதன் பலம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது அதன் பலவீனம்.

விதி 377ஐத்தான் நான் அதிகம் நம்பினேன். கேள்வியாகக் கேட்க முடியாத தொகுதிப் பிரச்சினையை ஒரு சிறு அறிக்கையாக அவையில் வைப்பது அது. 250 வார்த்தையைத் தாண்டக் கூடாது. நேரம் இல்லாவிட்டால் வாசிக்காமலே அவையில் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பின்னாலேயே சம்பந்தப்பட்ட அமைச்சரிடமிருந்து உறுப்பினருக்குக் கடிதம் வரும்.

எங்கள் தொகுதியில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் அரசு மருத்துவமனை. பிரசவத்துக்குப் போகும் ஆட்டோ கேட்டில் மாட்டிக்கொள்வது வாரா வாரம் நடந்தது. முதல் தடவை நான் எழுதிய அறிக்கை 400 வார்த்தைக்கு மேல். ஊரின் பெருமை, மக்களின் பல்லாண்டு கோரிக்கை, மாண்புமிகு அமைச்சருக்கு நன்றி எல்லாம் இருந்தது. எம்.பி. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியது கேட்டின் எண், ஒரு நாளைக்கு எத்தனை முறை மூடுகிறார்கள், மருத்துவமனை எவ்வளவு தூரம், மேம்பாலம் எந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது, இவ்வளவுதான். “இதுக்கு மேல இருக்கிறதை அவங்க படிக்க மாட்டாங்க தம்பி” என்றார்.

பதில் வந்தது. இப்படிப்பட்ட மேம்பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும், இருபக்கமும் ஏறி இறங்கும் சாலையை மாநில அரசு போட வேண்டும், செலவு பாதிக்குப் பாதி. எங்கள் பாலத்துக்கு ரயில்வே வரைபடம் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்பியாயிற்று, ஒப்புதல் திரும்பி வரவில்லை என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதுவரை ஊரே ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தது. வரைபடம் இங்கே ஒரு அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு எம்.பி. அந்த அலுவலகத்துக்கு நேரில் போனார். வேலை தொடங்க அதற்கப்புறமும் நான்கு வருடம் ஆனது. ஆனால் முடிச்சு எங்கே என்று காட்டியது அந்த ஒரு வரிதான்.

எல்லாப் பதிலும் “பரிசீலனையில் உள்ளது” என்றுதானே வருகிறது? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திண்டுக்கல்)

பாதி உண்மை ஐயா. எங்கள் ஊரில் இன்ன ரயில் நிற்குமா என்று கேட்டால் “நிறுத்தம் வழங்குவது ஒரு தொடர் நடவடிக்கை, இயக்கச் சாத்தியத்தையும் வருவாயையும் பொறுத்தது” என்று ஒரே வார்ப்பில் பதில் வரும். அந்த மாதிரிக் கடிதம் என் கோப்பில் கட்டுக்கட்டாக இருந்தது.

ஆனால் “பரிசீலிக்கிறோம்”, “விவரம் சேகரித்து அவையில் வைப்போம்” என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். அரசின் உறுதிமொழிகளைக் கண்காணிக்க மக்களவையில் 1953இல் இருந்து தனிக் குழுவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கால நீட்டிப்பு கேட்டு எழுத வேண்டும். வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு. ஆனாலும் குழு ஒப்புக்கொள்ளாமல் கோப்பு மூடப்படாது. நல்ல எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் “இந்தத் தேதியில் கொடுத்த உறுதிமொழி என்ன ஆயிற்று?” என்று கேட்பார். ஆகவே “பரிசீலனையில் உள்ளது” என்பதைப் பார்த்து மனம் விட வேண்டாம். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை உறுப்பினர் ஒருவர் அரசையே அசைத்த வரலாறு உண்டா? (கல்லூரி மாணவி, திருச்சி)

உண்டு, அதுவும் ஆளும் கட்சிக்காரர். பெரோஸ் காந்தி, ரேபரேலி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். 1957 ஜூனில் அரசு நிறுவனமான எல்ஐசி, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. தடுமாறிக்கொண்டிருந்த கம்பெனிகள் அவை. பாலிசிதாரர்களின் பணம். அந்த ஆண்டு செப்டம்பரில் அவையில் கேள்வி எழுந்தது, பதில் மழுப்பலாக இருந்தது. டிசம்பர் 16ஆம் தேதி பெரோஸ் காந்தி எழுந்து தேதி, விலை, பங்கு எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

நீதிபதி எம்.சி. சாக்லா தலைமையில் ஒரு நபர் விசாரணை நடந்தது. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த அந்த விசாரணை சில வாரங்களில் முடிந்துவிட்டது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் ஊர்க்காரர், பெரிய திறமைசாலி. அவருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிகாரிகள் செய்ததற்கு அமைச்சரும் பொறுப்பு என்ற வழக்கம் அங்கே உறுதிப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவையில் பேசியதைப் பத்திரிகைகள் உள்ளபடி வெளியிட்டால் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு 1956இல் சட்டமானது. அது பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், 1977இல் திரும்ப வந்தது.

தனிநபர் மசோதா நிறைவேறுமா, சும்மா பெயருக்கா? (சட்ட மாணவர், மதுரை)

சட்டமானவை மொத்தம் 14. கடைசியானது 1970இல். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம்தான் இதற்கு ஒதுக்குகிறார்கள், பாதிப் பேர் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். 2015 ஏப்ரல் 24 அன்று திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் ஒரு அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு 2019இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது சிவாவின் மசோதா அளவுக்கு இல்லை என்று திருநர் சமூகத்தினர் பலரே சொன்னார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் பேச்சைத் தொடங்கிவைத்த கணக்கு சிவாவுடையது.

தீர்மானங்களையும் மறக்காதீர்கள். 1959இல் பிராங்க் அந்தோணி என்ற ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர், அரசியலமைப்பின் மொழிகள் பட்டியலான எட்டாவது அட்டவணையில் ஆங்கிலத்தையும் சேர்க்கக் கோரித் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில், ஆகஸ்ட் 7 அன்று, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு உறுதி கொடுத்தார். தமிழ்நாட்டில் 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டது அந்த வாக்குறுதியைத்தான். கட்சி பலமே இல்லாத ஒரு உறுப்பினரின் தீர்மானத்திலிருந்து வந்தது அது.

தமிழில் பேசலாமா? (வாசகர், கோவில்பட்டி)

தாராளமாக. அரசியலமைப்பின் 120ஆவது பிரிவு, இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச முடியாதவர் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம் என்கிறது. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. எழுத்து வேலையை மட்டும் ஆங்கிலத்தில் சரியாகச் செய்துகொள்ள வேண்டும்.

ஆளும் கட்சி எம்.பி. சொந்த அரசைக் கேள்வி கேட்டால், கட்சியின் கொறடா அவருடைய எம்.பி. பதவியைப் பறித்துவிடுவாரா? (வாசகர், ஓசூர்)

மாட்டார். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் கொறடா உத்தரவு வாக்களிப்பதற்குத்தான். கேள்வி கேட்பதை அது தடுக்காது. அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமா என்ற பயம்தான் வாயை அடைக்கிறது.

எங்கள் தெருவில் சாக்கடை. எம்.பி.யிடம் சொல்லலாமா? (வாசகர், ஆவடி)

உள்ளாட்சிக்கும் மாநில அரசுக்கும் உரியதை நாடாளுமன்றக் கேள்வியாக அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அதற்குக் கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும்தான். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு சின்னத் தொகை என்று புரியும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட், பி.எஃப்., வங்கி, அஞ்சலகம் என்றால் எம்.பி.யை விடாதீர்கள்.

மீனவர் பிரச்சினையை ஐம்பது வருடமாகப் பேசுகிறார்கள். பேசி என்ன கண்டோம்? (மீனவர் குடும்பம், ராமேஸ்வரம்)

உங்களுக்குப் பதில் எழுதத்தான் தயங்கினேன். பிடித்துக்கொண்டு போன படகு திரும்பி வராத வீட்டில் போய் அவைக்குறிப்பைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வரும்.

இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அவையில் அறிக்கை வைத்தபோது, திமுகவின் இரா. செழியனும், உங்கள் ராமநாதபுரம் உறுப்பினராக இருந்த பி.கே. மூக்கையாத் தேவரும் எழுந்து எதிர்த்தார்கள். தீவு என் தொகுதியில் இருக்கிறது என்று மூக்கையாத் தேவர் சொன்னார். ஒப்பந்தத்தைத் தடுக்க முடியவில்லை. 1976இல் வந்த கடிதப் பரிமாற்றத்தில் மீன்பிடி உரிமையும் போனது.

ஆனால் அன்று நம்மவர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. என்ன காரணம் சொல்லி எதிர்த்தார்கள் என்பது அச்சில் இருக்கிறது. ஜெயலலிதா 2008இலும் கருணாநிதி 2013இலும் உச்ச நீதிமன்றம் போனபோது அந்த எதிர்ப்பு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. இன்றைக்கு உங்கள் எம்.பி. எழுந்து வெறுமனே “கைது செய்கிறார்கள்” என்று சொன்னால் போதாது. எத்தனை படகுகள் இன்னும் திரும்பவில்லை, அபராதம் எவ்வளவு, இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று எண்ணிக்கையோடு கேட்க வைக்க வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் சங்கத்திடம்தான் இருக்கிறது. எழுதிக் கொடுங்கள்.

சரி, எம்.பி.க்கு எப்படித்தான் எழுதுவது? (பலர் கேட்டது)

ஒரு கடிதம், ஒரு பிரச்சினை. ஐந்து கோரிக்கையைச் சேர்த்து எழுதினால் எதுவும் நடக்காது. எந்த அமைச்சகம் என்று தெரிந்தால் மேலே எழுதுங்கள். இடம், எண், தேதி மூன்றும் வேண்டும். முன்பு வந்த பதில் இருந்தால் நகல் வையுங்கள். நட்சத்திரக் கேள்விக்கோ எழுத்துக் கேள்விக்கோ 15 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடி வராதீர்கள். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொகுதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், உதவியாளரிடம் பேசுங்கள். எம்.பி. கையில் மாலையோடு நிற்கும்போது கொடுத்த மனு பெரும்பாலும் கார் சீட்டிலேயே கிடக்கும். கேள்வியை எழுதுவது உள்ளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோதான். எங்கள் கேட் விஷயத்தைக் கொண்டுவந்தது ஒரு ஆட்டோ ஓட்டுநர். பள்ளி நோட்டில் கோடு போட்டு, கேட் மூடிய நேரமும் திறந்த நேரமும் ஒரு வாரத்துக்கு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் அறிக்கையை எழுதினேன்.