முதலெழுத்தை விட்டால் ஆள் மாறிவிடும்

கேள்வி: பாடசாலை மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன். ‘சங்கிலி’ நாடகம் எழுதிய கணபதிப்பிள்ளைதானே பண்டிதமணி? மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த சங்கிலிதானே கோவாவில் கொல்லப்பட்டவன்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: இரண்டும் பிழை. யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி செய்வித்த மன்னார்ப் படுகொலை நடந்தது 1544இல். போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேறாவிடம் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்ட சங்கிலி குமாரனின் வீழ்ச்சி 1619இல். இடையில் 75 ஆண்டு. ஒருவனே இரண்டையும் கண்டிருக்க முடியுமா என்று கூட்டிக் கழித்திருந்தாலே விடை கிடைத்திருக்கும்.

கணபதிப்பிள்ளை விஷயம் அப்படித் தீராது. இருவரும் ஒரே காலத்தவர், இருவரும் தமிழறிஞர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) தென்மராட்சியிலுள்ள மட்டுவிலில் பிறந்தவர். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடம் பாடங் கேட்டவர். திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் படிப்பித்தவர். உங்கள் தென்மராட்சியின் மகனை நீங்களே மாற்றி எழுதலாமா? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) புலோலிக்காரர். லண்டனில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, விபுலாநந்த அடிகளுக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானவர். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதியவர். ‘சங்கிலி’ (1956) இவருடையது.

பிழை தொடங்குவது முதலெழுத்தை விடும் இடத்தில்தான். ஆங்கில அட்டவணையில் தேடினால் இன்னும் சிக்கல்: ‘சி.’ என்பதை எஸ் என்றும் சி என்றும், கணபதிப்பிள்ளையைக் கே, ஜி இரண்டிலும் பதிந்திருப்பார்கள். எல்லா இடமும் பார்க்க வேண்டும். பொருளடைவு செய்கையில் ‘கணபதிப்பிள்ளை, சி. (1899–1986), மட்டுவில்’ என்று ஆண்டும் ஊரும் சேர்த்தே போடுங்கள். பட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ‘பண்டிதர்’ பலருக்கு உண்டு.

தகப்பன் பெயரை முழுதாக முன்னே எழுதும் இடத்திலும் கவனம். பொன்னம்பலம் இராமநாதனில் பொன்னம்பலம் தகப்பன், ஜீ. ஜீ. பொன்னம்பலத்தில் அது அவருடைய சொந்தப் பெயர். முன்னவரை ‘இ’யிலும் பின்னவரைப் ‘பொ’விலும் பதியுங்கள்.

‘சங்கிலி’ பற்றிய பக்கத்துக்குப் பண்டிதமணியின் படத்தைக் கொடுத்திருந்தால், மலர் அச்சுக்குப் போகமுன் மாற்றிவிடுங்கள்.