பெட்டியைப் பிரித்ததும் பள்ளம் தோண்டாதீர்கள்: சீன மினி எக்ஸ்கவேட்டர் பற்றி வாசகர் கேள்விகள்

சீனாவிலிருந்து இறக்குமதியாகும் 1 டன் வகை மினி எக்ஸ்கவேட்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் இயந்திரப் பிரிவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: விளம்பரங்களைப் பார்த்தால் எல்லா வண்டியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. பெயரும் பெயின்ட்டும்தான் மாறுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது? பெட்ரோலா, டீசலா?

நீங்கள் கவனித்தது சரிதான். ஷான்டோங் மாகாணத்தில், குறிப்பாக ஜினிங் வட்டாரத்தில், இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் ஏராளம். தகடு ஓரிடம், வால்வு ஓரிடம், மோட்டார் ஓரிடம் என்று வாங்கிப் பூட்டுகிறார்கள். ஸ்டிக்கரில் உள்ள பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே என்ன பூட்டியிருக்கிறது என்பதைக் கேளுங்கள். எஞ்சின் தகட்டின் படம், பம்ப் தகட்டின் படம், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பகுதிகளின்) வரைபடம், உதிரிபாகப் பட்டியல், இந்த நான்கையும் தரத் தயங்குபவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

எஞ்சினில் பொதுவாக மூன்று வகை கிடைக்கும்: ஒற்றை சிலிண்டர் பெட்ரோல், காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல், தண்ணீரில் குளிரும் 3 சிலிண்டர் டீசல். குபோட்டா டி722 கடைசி வகைக்கு நல்ல உதாரணம், 719 சி.சி. கொண்டது. கையில் பணம் இருந்தால் 3 சிலிண்டருக்கே போங்கள். சத்தம் குறையும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒற்றை சிலிண்டர் டீசலின் அதிர்வு, வண்டியில் உள்ள நட்டு போல்ட்டையெல்லாம் நாள்தோறும் தளர்த்திக்கொண்டே இருக்கும். ஒயர்களின் மேலுறையையும் தேய்த்துவிடும். பணம் இல்லையென்றால், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் பெட்ரோல் எஞ்சின் நல்ல தேர்வு. எதுவானாலும் உங்கள் நாட்டில் செல்லும் புகைச் சான்று எஞ்சின் தகட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தனிக் காகிதத்தில் தருவதை நம்ப வேண்டாம்.

பூம் (வண்டியோடு இணைந்திருக்கும் பெரிய கை) பக்கவாட்டில் திரும்புமா என்றும் கேளுங்கள். திரும்பாவிட்டால் சுவரை ஒட்டி நீளப் பள்ளம் எடுக்க முடியாது. பின்னால் சேர்க்க முடியாத வசதி அது. ஆயில் கூலர், கூடுதல் வால்வு வழி இரண்டும் பின்னால் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. '1 டன்' என்பதைப் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, பேக்கிங் பட்டியலில் உள்ள எடையை வைத்து டிரெய்லரை முடிவு செய்யுங்கள்.

விலை பேசும்போது எஃப்.ஓ.பி.யா (அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை), சி.ஐ.எஃப்.பா (இங்குள்ள துறைமுகம் வரையிலான விலை) என்று தெளிவாகக் கேளுங்கள். சி.ஐ.எஃப். விலையில் சரக்குக் கட்டணமும் காப்பீடும் அடங்கும். இங்குள்ள துறைமுகத்தில் இறக்கும் கூலி, சுங்க வரி, தாமதக் கட்டணம் அடங்காது. முழு வட்டம் சுழலும் மேல்பாகம் கொண்ட இயந்திரத்துக்கான சுங்கக் குறியீடு 8429.52. ஆவணத்தில் அதுவே இருக்கிறதா என்று கப்பல் ஏறும் முன்பே பாருங்கள்.

கேள்வி: வண்டி வந்துவிட்டது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எஞ்சின் ஆயில். சில வண்டிகள் ஆயிலே இல்லாமல் வரும். சிலவற்றில் சோதனைக்கு ஊற்றியது மிச்சம் இருக்கும். இரண்டையும் நம்பாமல் வடித்துவிட்டு, எஞ்சின் புத்தகம் சொல்லும் புதிய ஆயிலை ஊற்றுங்கள்.

அடுத்தது ஹைட்ராலிக் டேங்க். அரை நாள் செலவானாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூடியைக் கழற்றி, ஆயிலை வெள்ளைத் துணி கட்டிய வாளியில் வடியுங்கள். துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கடுகு போல உருண்டையாக ஒட்டியிருப்பது வெல்டிங் துளி, செதில் செதிலாக இருப்பது டேங்கின் உள்புறப் பெயின்ட், விரலில் நறநறப்பது வார்ப்பு மணல். மூன்றுமே கியர் பம்பின் பக்கத் தகட்டையும், வால்வினுள் நகர்ந்து ஆயிலின் வழியை மாற்றும் தண்டான ஸ்பூலையும் கீறக்கூடியவை. அந்த இடங்களில் உள்ள இடைவெளி தலைமுடியை விடக் குறைவு; ஒரு கீறல் விழுந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். டேங்க்கினுள் காந்தத்தைக் கட்டி இழுங்கள். நார் உதிராத துணியால் மூலைகளைத் துடையுங்கள். கந்தல் வேட்டித் துணி வேண்டாம், அதன் நூல்தான் அடுத்த அடைப்பு.

உறிஞ்சு குழாய் வாயில் உள்ள கம்பி வலை ஸ்டிரெயினர் 100 மெஷ், ஏறக்குறைய 150 மைக்ரான். அது கல்லை நிறுத்தும், தூசியை நிறுத்தாது. அதற்காக உறிஞ்சு பக்கத்தில் நுண்ணிய ஃபில்டர் போட்டுவிடாதீர்கள். பம்ப் மூச்சுத் திணறி, டப்பாவில் ஜல்லியைப் போட்டு உலுக்குவது போலச் சத்தம் எழுப்பும். நுண்ணிய ஃபில்டருக்கு இடம் திரும்பும் குழாய். திருகிப் பூட்டும் வகையில் 10 மைக்ரான், சுமார் 1.7 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) திறக்கும் பைபாஸ், அதாவது மாற்று வழி, கொண்டது போதும். அளவைப் பம்பின் ஓட்டத்தை வைத்து மட்டும் எடுக்காதீர்கள். 60 மி.மீ. துளை, 35 மி.மீ. தண்டு கொண்ட சிலிண்டர் உள்ளே இழுக்கும்போது, பம்ப் தரும் 20 லிட்டர் மறுபுறம் 30 லிட்டராக வெளியேறும். எனவே நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தாங்கும் ஃபில்டர் தலையை வாங்குங்கள். மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் தனியாக வெளியேற்றும் கேஸ் டிரெய்ன் குழாய் இருந்தால், அது ஃபில்டர் வழியாகப் போகாமல் நேரே டேங்குக்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சீல் பிதுங்கும்.

டேங்கில் தேய்மானத் தடுப்பு வகை வி.ஜி. 46 (வி.ஜி. என்பது பாகுத்தன்மைத் தரம்) ஆயில் ஊற்றுங்கள். கடும் வெயில் ஊர்களில் 68, உறையும் குளிரில் 32.

பிறகு போல்ட்டுகள். மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் ஸ்லூ ரிங் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். எம் 12 போல்ட்டின் தலையில் 8.8 என்றிருந்தால் சுமார் 80 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் சுமார் 115. ஒவ்வொன்றாகக் கழற்றி, நடுத்தர வலு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) தடவிப் பூட்டுவது நல்லது. எஞ்சின் தாங்கி, ஓட்டு மோட்டார், ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

மூட்டுகளில் உள்ள பின்களைச் சும்மா கிரீஸ் கன்னால் அமுக்கிவிட்டு நகராதீர்கள். இரண்டு பக்கமும் கிரீஸ் பிதுங்கி வருகிறதா? வராவிட்டால் பின்னைத் தட்டி எடுங்கள். நிப்பிளுக்குக் கீழ் துளையே முழுதாகப் போடாமல் இருப்பதும், பெயின்ட்டால் அடைத்திருப்பதும் இந்த வண்டிகளில் சகஜம். புஷ்ஷினுள் கிரீஸ் பள்ளம் இல்லையென்றால் சின்ன கிரைண்டரால் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ஸ்டார்ட்டர் ஒயர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். எர்த் ஒயர் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று வரும் புகார்களில் பல இந்தப் பெயின்ட்டோடு தீர்ந்துவிடும்.

கடைசியாகப் பம்ப். உறிஞ்சு ஹோஸைக் கழற்றி ஆயிலால் நிரப்பி மாட்டுங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி எரிபொருளை அடைத்து, சில விநாடிகள் செல்ஃப் அடித்துப் பம்பை நனைத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். லீவரைத் தொடாமல் 5 நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடட்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் பாதி தூரம் மட்டும், சுமையில்லாமல், நாலைந்து முறை நீட்டி மடக்குங்கள். ஆயில் பால் போல வெளுத்தால் காற்று கலந்திருக்கிறது; நிறுத்தி நுரை அடங்கும் வரை காத்திருங்கள். எஞ்சின் ஆயிலை எஞ்சின் புத்தகம் சொல்லும் முதல் மணிக்கணக்கில் மாற்றுங்கள். ஹைட்ராலிக் ஃபில்டரை 50 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள், அப்போது பழையதை அறுத்து உள்ளே துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காலையில் நன்றாகத் தோண்டுகிறது. ஒரு மணி நேரம் போனால் பக்கெட்டுக்கு வலுவே இல்லை. பம்ப் போய்விட்டதா?

பம்ப் மேல் பழி போடுமுன் டேங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் காரணம் ஆயில். வி.ஜி. 46 ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக். 80 டிகிரியில் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் போல ஆனதும் பம்புக்குள்ளும் ஸ்பூலைச் சுற்றியும் கசிந்து ஓடுகிறது. கசிவு மேலும் சூட்டைக் கிளப்புகிறது. 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் ரப்பர் சீல்களும் இறுகிவிடும்.

இந்த வண்டிகளின் டேங்க் சிறியது, பலவற்றில் கூலரே கிடையாது. திரும்பும் குழாயில், வால்வுக்கும் ஃபில்டருக்கும் நடுவே, 12 வோல்ட் ஃபேன் கொண்ட அலுமினிய கூலரும், 50 டிகிரியில் ஃபேனை ஓட்டும் தெர்மல் சுவிட்சும் போடுங்கள். சுமார் 2 கிலோவாட் சூட்டை வெளியேற்றக்கூடியது போதும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது கூலர் பிளக்காமல் இருக்க, அதற்கு இணையாக ஒரு ஒருவழி வால்வும் தேவை. முக்கியமான ஒன்று: ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் சார்ஜிங் சுருள் தரும் மின்சாரம் சொற்பம். ஃபேன் எத்தனை ஆம்பியர் இழுக்கும், எஞ்சின் எத்தனை தரும் என்று கணக்குப் பார்த்த பிறகே வாங்குங்கள். அதைப் பார்க்காமல் விளக்கையும் சேர்த்துப் போட்டால் மாலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

கேள்வி: அழுத்தம் மிகுந்தால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வை முறுக்கி, அழுத்தத்தை 160 பாரிலிருந்து 200 ஆக்கினால் பலம் கூடுமா?

கூடும். 60 மி.மீ. சிலிண்டர் 160 பாரில் சுமார் 45 கிலோநியூட்டன் தள்ளும். 200 பாரில் 56. ஆனால் கணக்கின் மறுபக்கம், பாரையும் நிமிட லிட்டரையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 20 லிட்டர் ஓட்டத்துக்கு 160 பாரில் 5.3 கிலோவாட், 200 பாரில் 6.7. பம்பின் இழப்பையும் சேர்த்தால் 8 கிலோவாட்டை நெருங்கும். சின்ன எஞ்சின் அணைந்துவிடும். பின், புஷ், ஸ்லூ ரிங் எல்லாம் பழைய சுமைக்குப் போட்டவை. கேஜ் மாட்டி அளந்து, தொழிற்சாலை சொன்ன அளவைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கேஜ் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வண்டியைச் சுழற்றி நிறுத்தும்போது தூக்கிப் போடுவது போல உலுக்குகிறது.

லீவரை விட்டதும் ஸ்பூல் இரண்டு வழியையும் ஒரே நொடியில் அடைக்கிறது. சுழன்று வரும் மேல்பாகத்தின் முழு வேகமும் சுழல் மோட்டாரிலும் பினியன் பற்களிலும் போய் மோதுகிறது. நாளடைவில் ஸ்லூ போல்ட் தளரும், பற்களும் உடையும்.

பலரும் ஹோஸ் இணைப்பில் 1.5 அல்லது 2 மி.மீ. துளையுள்ள தடுப்பைப் போடுகிறார்கள். சுழலும் வேகம் குறைவதால் உலுக்கலும் குறையும். ஆனால் நிறுத்தும்போது மோட்டாருக்குள் எழும் அழுத்தத்துக்கு அது வழி விடாது, ஆயிலையும் சூடாக்கும். சரியான வைத்தியம், மோட்டாரின் இரண்டு வாய்க்கும் குறுக்கே இரட்டை ரிலீஃப் வால்வு. ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் மறுபக்கத்துக்கே ஆயிலைக் கடத்திவிடும். முதலில் தளர்வாக வைத்து, லேசான சரிவில் மேல்நோக்கிச் சுழலும் அளவுக்குக் கால் சுற்றாக முறுக்கி வாருங்கள். லீவரை விட்ட பிறகு வண்டி கொஞ்சம் வழுக்கி நிற்கும். அதற்குக் கை பழக வேண்டும்.

கேள்வி: ஹோஸ் வெடித்தது. புதிதாகப் போட்டதில் இணைப்பு கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

கூடாது. அந்த டேப்பின் துணுக்கு வால்வில் போய் உட்காரும். உங்கள் சிக்கல் மரையில் இருக்கலாம். ஒரே வண்டியில் மெட்ரிக் மரையும் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய்) மரையும் கலந்து வருகின்றன. 3/8 பி.எஸ்.பி.யின் வெளிவிட்டம் 16.66 மி.மீ.; எம் 16 × 1.5 இன் விட்டம் 16. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இரண்டு சுற்று ஏறி இறுகவும் செய்யும். ஆனால் பி.எஸ்.பி.யின் மரை இடைவெளி 1.34 மி.மீ. வெர்னியரும் பிட்ச் கேஜும் (மரை இடைவெளி அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். அடுத்து கூம்பைப் பாருங்கள்: மெட்ரிக் இணைப்பில் பெரும்பாலும் 24 டிகிரி, பி.எஸ்.பி.யில் 60 டிகிரி. கோணம் மாறினால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். புது ஹோஸ் இரட்டைக் கம்பி வலை உள்ளதாக இருக்கட்டும். அந்த வகையில் 3/8 அங்குலம் 330 பார் தாங்கும்.

கசிவைத் தேட விரலை நீட்டாதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஆயில் தோலுக்குள் போய்விட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் கட்டைவிரல் கவ்வியை நானே வெல்டிங் செய்து மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அதன் சிலிண்டருக்கான வால்வு வழியில் தனி ரிலீஃப் இருக்க வேண்டும். பக்கெட்டை மடக்கும்போது அது கவ்வியைத் தள்ளும். ஆயில் தப்ப வழியில்லையென்றால் கவ்வியின் தாங்கி கிழியும் அல்லது சிலிண்டர் தண்டு வளையும். பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்மின் தகடு மெலிது என்பதால், ஓரங்களை வட்டமாக வெட்டிய கூடுதல் தகட்டை முதலில் வைத்து, அதன் மேல் தாங்கியை வெல்டிங் செய்யுங்கள். தகட்டின் குறுக்கு ஓரங்களை வெல்டிங் செய்யாமல் நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் ஆர்மிலேயே கவ்வ வையுங்கள். டிராக்கில் வைத்தால் மின்சாரம் ஸ்லூ ரிங் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைப் பொத்தலாக்கும்.

கேள்வி: டிராக் அடிக்கடி கழன்றுவிடுகிறது.

வண்டியின் மேல்பாகத்தை ஒரு பக்கம் திருப்பி, பக்கெட்டை ஊன்றி அந்தப் பக்க டிராக்கைத் தூக்குங்கள். நடு ரோலருக்கும் தொங்கும் ரப்பருக்கும் இடையில் 15 முதல் 20 மி.மீ. இருக்கலாம். அதற்கு மேல் என்றால் டென்ஷனர் நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள். தளர்த்தும்போது வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்கவும் கூடாது, கிரீஸோடு வால்வே பாய்ந்து வரும். ரப்பர் தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தால் உட்புறத்தில் அச்சாகியிருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் பரவலாக வரும் 180 × 72 × 37 என்பது அகலம் 180 மி.மீ., இடைவெளி 72 மி.மீ., 37 கண்ணி என்று பொருள்.