மறதிக்கு இரத்தப் பரிசோதனை: எதை முதலில் எடுப்பது?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சலரோகத்துக்கு மெற்போமின் போடுறா. பிறஷருக்கும் குளிசை இருக்கு. சுத்த சைவம். ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டு வருகுது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுறா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறா. 'அறளை பெயர்ந்திட்டுது, வயதுக்கோளாறு' என்று சொந்தக்காரர் சொல்லுகினம். கனடாவிலிருக்கிற அண்ணா, அல்சைமர் நோயை முன்கூட்டியே காட்டுற இரத்தப் பரிசோதனை வந்திருக்கு, காசு அனுப்புறன், கொழும்பிலயோ இந்தியாவிலயோ செய்வியுங்கோ என்கிறார். அம்மம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் மறதி இருந்தது. எனக்கு 42 வயது. நானும் செய்து பார்க்கலாமா?"

அண்ணா சொல்வது உண்மையான பரிசோதனைதான். ஆனால் அம்மாவுக்கு அது கடைசியில் வர வேண்டியது. உங்களுக்கு அது தேவையில்லை. காரணங்களைச் சொல்வதற்கு முன், இந்தக் கிழமையே எடுக்கக்கூடிய இரத்தங்களைப் பார்ப்போம். மறதிக்குப் பின்னால் திருத்தக்கூடிய காரணம் ஒன்று ஒளிந்திருந்தால் அதைக் காட்டப்போவது அவைதான்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எங்கள் கண்ணில் பட்டது விற்றமின் பி12. மெற்போமின் நீண்டகாலம் போடுபவர்களின் குடல் பி12 ஐக் குறைவாகவே உறிஞ்சும். அம்மா சைவம் என்பதால் மீன், முட்டை, இறைச்சி வழியாக அது வருவதுமில்லை. பாலும் தயிரும் மட்டுமே மிச்சம். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் நல்ல உணவுதான், ஆனால் எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. குறைபாடு மறதியாக வரலாம். பாதம் விறைப்பதாக, இருட்டில் நடக்கத் தள்ளாடுவதாகவும் வரலாம். சலரோகக்காரருக்குக் கால் விறைத்தால் எல்லோரும் சீனியின் மேலேயே பழியைப் போட்டுவிடுவதால் இது தவறிப்போகிறது. "ஹீமோகுளோபின் சரியாக இருக்கே" என்று ஆறுதல் அடையவும் முடியாது. இரத்தம் குறையாமலே நரம்பு பாதிக்கப்படலாம்.

அறிக்கை வந்ததும் எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 180 பிக்கோகிராம் என்றால் குறைபாடு. லீற்றருக்கு 180 பிக்கோமோல் என்றால் அதே 180 ஏறத்தாழ 244 பிக்கோகிராமுக்குச் சமம். அது குறைவென்றும் சொல்ல முடியாத, சரியென்றும் சொல்ல முடியாத இடைப்பட்ட பகுதி. அறிகுறி இருப்பவருக்கு 200 முதல் 300 பிக்கோகிராம் வரையுள்ள அளவை "நோமல்" என்று ஒதுக்கிவிடக்கூடாது. பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறும் மீதில்மலோனிக் அமிலத்தையோ ஹோமோசிஸ்ரீனையோ வைத்தியர் பார்க்கச் சொல்லலாம், அல்லது பி12 ஊசியைத் தொடங்கிப் பார்க்கலாம். இரத்தம் எடுப்பதற்கு முன் பி12 கலந்த சத்துக் குளிசை ஒன்றும் தொடங்க வேண்டாம். அளவு ஏறிக் காட்டி உண்மையை மறைத்துவிடும். பி12 ஐப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுப்பது அதைவிட ஆபத்து: இரத்தச்சோகை திருந்தும், நரம்பு தொடர்ந்து கெடும். இதை வாசித்துவிட்டு மெற்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைபாடு இருந்தாலும் ஊசியோடு சேர்த்து அதைத் தொடரலாம்.

அடுத்தது தைரொயிட்டுக்கான ரி.எஸ்.எச். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் முடி கொட்டுகிறதென்று பயோற்றின் குளிசை போடுகிறவரா என்று கேளுங்கள். சில இயந்திரங்களில் அது ரி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், பி12 ஐப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தி, லாப்பிலும் சொல்லுங்கள்.

பிறஷர் குளிசை இருப்பதால் சோடியம் கட்டாயம். சிறுநீரைக் கூட்டிப் பிறஷரைக் குறைக்கும் தயசைட் வகைக் குளிசைகள் வயதானவர்களில் சோடியத்தை மெல்ல மெல்ல இறக்கும். லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் சோர்வும் கவனச்சிதறலும் தொடங்கலாம், 125 க்குக் கீழே குழப்பமும் வலிப்பும் வரலாம். இவற்றோடு கல்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், ஈரல் பரிசோதனை, முழு இரத்த எண்ணிக்கை, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் வைத்தியர் எழுதினால் மனம் சங்கடப்பட வேண்டாம்; மறதிக்குச் சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்கள் என்பதால் கேட்கிறார், அவ்வளவுதான்.

சீனி கூடுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. மூளைக்கு உடனடி ஆபத்து சீனி இறங்குவதில். அம்மா மெற்போமினோடு, சீனியை இறக்கும் கிளிகிளசைட் அல்லது கிளிபென்கிளமைட் குளிசையும் போடுகிறாவா? வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி என்று சாப்பாட்டை விட்டுவிட்டு இந்தக் குளிசையை மட்டும் போட்டால் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். வியர்ப்பதும் தடுமாறுவதும் சம்பந்தமில்லாமல் பேசுவதும் வெளியே மறதி போலவே தெரியும். அடிக்கடி நடந்தால் மறதி உண்மையாகவே கூடும். குழம்பும் நேரத்தில் விரலில் குத்திப் பார்த்து நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பரிசோதனை தேவைப்படாத காரணம் ஒன்றும் உண்டு: குளிசைப் பை. தடிமனுக்கும் கடிக்கும் போடும் சின்ன மஞ்சள் குளிசையான குளோபெனிரமின், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிற்றிப்ரிலின், டயசிபாம், சிறுநீர் அடங்க உதவும் ஒக்சிபியூற்றினின் ஆகியவை முதியவர்களின் ஞாபகத்தை மங்கச் செய்யும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வைத்தியர் தந்ததாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார். டயசிபாமை மட்டும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரத்தம் காட்டாத ஒன்றும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களுக்குள் கிணற்றடியிலோ படியிலோ விழுந்து தலை அடிபட்டதா? இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிறெல், வோபரின் போடுகிறாவா? மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மெல்லக் கசிந்து அழுத்தினால் சி.ரி. போன்ற ஸ்கானில்தான் தெரியும். மனச்சோர்வையும் காது மந்தத்தையும் கூடவே பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ வேறிடத்திலோ நரம்பியல் அல்லது உளநல மருத்துவர் ஞாபகப் பரிசோதனையும் செய்து, அல்சைமர் என்ற சந்தேகம் நின்றால்தான் அண்ணா சொல்லும் பரிசோதனையின் முறை வரும். ஞாபகப் பரிசோதனை தமிழில் நடக்கிறதா என்பதை உறுதிப்படுத்துங்கள். தெரியாத மொழியில் கேட்டால் நல்ல ஞாபகமுள்ளவருக்கும் புள்ளி குறையும்.

அல்சைமரில் மூளைக்குள் அமிலோயிட் என்ற புரதம் படிகிறது. அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே அது தொடங்கிவிடும். அந்தப் படிவோடு சேர்ந்து மாறும் ரௌ புரதத்தின் ஒரு வடிவம் பி-ரௌ 217. அது இரத்தத்தில் சிறு அளவில் கலக்கும். அதை, இரத்தத்திலுள்ள அமிலோயிட்டின் ஒரு வடிவமான அமிலோயிட் 42 ஆல் வகுத்து விகிதம் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது, 55 வயதும் அதற்கு மேலும் ஆகி அறிகுறியோடு விசேட மருத்துவரிடம் வருபவர்களுக்கு மட்டும். அனுமதிக்கு அடிப்படையான 499 பேரின் மாதிரிகளில், 'ஆம்' என்று வந்தவர்களில் 91.7 வீதத்தினருக்கு ஸ்கானிலோ முள்ளந்தண்டு நீரிலோ அமிலோயிட் உறுதியானது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 வீதம் சரியாக இருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டுமற்ற இடைவிடை வந்தது. அந்த விடைக்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் பி-ரௌ 217 கழிந்து போகாமல் இரத்தத்தில் தேங்கும், நோயில்லாமலே அளவு கூடிக் காட்டும். பதினைந்து வருடச் சலரோகத்தில் சிறுநீரகம் தளர்ந்திருக்க இடமுண்டு. முதலில் எடுக்கச் சொன்ன கிரியற்றினின் அறிக்கை கையில் இல்லாமல் இந்த விடையை வாசிக்க முடியாது. நரம்புத் தேய்வைப் பொதுவாகக் காட்டும் நியூரோஃபிலமென்ற் என்ற இன்னொரு பரிசோதனையும் இப்படித்தான். அது எந்த நோய் என்று சொல்லாது. அண்மையில் பக்கவாதமோ தலையில் அடியோ பட்டிருந்தால் அதற்கும் கூடும்.

எடுப்பதென்றால், பகுப்பாய்வு செய்யும் லாப்புக்கே அம்மாவைக் கூட்டிச் செல்லுங்கள். இங்கே எடுத்த இரத்தத்தை இரவு பஸ்ஸில் நானூறு கிலோமீற்றர் அனுப்பவே வேண்டாம். ஊதா மூடி போட்ட ஈ.டி.ரி.ஏ. ரியூப்பில் எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, பொலிபுரொப்பிலீன் ரியூப்பில் உறைய வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தாலும் வேறு சுவரில் ஒட்டிக்கொண்டாலும் அமிலோயிட் 42 குறையும். அது வகுக்கும் எண் என்பதால், குறைந்தால் விகிதம் ஏறும். மூளையில் ஒன்றுமில்லாத ஒருவருக்கு ரியூப் வெயிலில் கிடந்ததால் மட்டும் 'ஆம்' வந்துவிடலாம். லாப்பில் கேளுங்கள்: அளப்பது பி-ரௌ 217 தானா, அமிலோயிட்டையும் சேர்த்தா? இடைவிடைக்கு எல்லை குறித்திருக்கிறார்களா? மாதிரியை எங்கே, எத்தனை பாகையில் வைக்கிறார்கள்? தெளிவான பதில் வராத இடத்தில் காசைக் கட்டாதீர்கள்.

'ஆம்' என்று வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அண்ணாவோடு முன்கூட்டியே பேசுங்கள். அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் டொனிபெசில், ரிவாஸ்றிக்மின், மெமன்ரீன் ஆகியவற்றைத் தொடங்க இந்தப் பரிசோதனை தேவையில்லை. மருத்துவரின் கணிப்பே போதும். இந்த விடை அதிகம் தேவைப்படுவது லெகனெமாப், டொனனெமாப் போன்ற அமிலோயிட்டை அகற்றும் மருந்துகளுக்கு. லெகனெமாப் ஆய்வில் 18 மாதத்தில் நோய் மோசமாகும் வேகம் 27 வீதம் குறைந்தது, ஞாபகம் திரும்பவில்லை. மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். மூளையில் அமிலோயிட் உள்ளவரில் 90 வீதத்தையும் இல்லாதவரில் 90 வீதத்தையும் சரியாகச் சொல்லும் பரிசோதனை என்று வைப்போம். அறிகுறியுள்ள முதியவர்கள் ஆயிரம் பேரில் 600 பேருக்கு அமிலோயிட் இருந்தால், 'ஆம்' வருவது 580 பேருக்கு, அதில் 40 பிழை. உங்கள் வயதில் அறிகுறியில்லாத ஆயிரம் பேரில் 50 பேருக்கு இருந்தால், 'ஆம்' வருவது 140 பேருக்கு. அதில் 95 பிழை. அதே ரியூப், அதே இயந்திரம். சரியான 'ஆம்' கூட நோய் வரும் என்ற உறுதியாகாது: ஞாபகம் நல்லாக இருக்கும் 70 வயதினரிலேயே நால்வரில் ஒருவருக்கு அமிலோயிட் படிந்திருக்கிறது. அம்மம்மாவுக்கு முதுமையில் வந்த மறதி பரம்பரை வகையைச் சந்தேகிக்கவும் போதாது. 40, 50 வயதுகளிலேயே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் கதை வேறு. நீங்களும் சைவமென்றால் பி12 பாருங்கள், பிறஷரும் சீனியும் பாருங்கள்.

பார்க்கின்சனுக்கும் இதைக் கேட்பவர்கள் உண்டு. நடைமுறையில் அதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை இல்லை. மருத்துவர் கை நடுக்கத்தையும் நடையையும் பார்த்தே முடிவெடுப்பார். நடுக்கத்தில் இரத்தம் உதவுவது வேறு காரணங்களை விலக்க: ரி.எஸ்.எச்., இளவயதினருக்கு, உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கான செருலோபிளாஸ்மின்.

மறதி மாதக்கணக்கில் வராமல் ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பமாக வந்தால் லாப்புக்கு அலைய வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுத்து, கடைசியாக நல்லாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் உண்டு.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், கைமருந்தும் சத்து மாவும் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மறதி எப்போது தொடங்கியது, இப்போது தனியாகச் செய்ய முடியாத வேலை எது, காசுக் கணக்கு, அடுப்பு, வழி தவறியது, எல்லாவற்றையும் ஒரு தாளில் திகதியோடு எழுதுங்கள். அந்தத் தாளை வைத்தியரின் கையில் கொடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு "இவவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை" என்று வாயால் சொல்ல வேண்டாம், அவவுக்குக் கேட்கும்.